பாளை காணும் வரை

சைவாசிரியர்களே, பனை நம்மவர் வளவுதோறும் நிற்றலால் நாம் அதனை நோக்குவதில்லை. ஒருகால் நோக்குவோமாக.

பனம்வித்து முளைக்கும்போது மேலெழுவதில்லை. முளை கீழ்நோக்கி மண்ணினுள்ளே இறங்குகின்றது. மேலே ஒன்றுங் காணாதவன் வித்துப் பழுதென்பான். அக்காலத்திலேயே உள்ளே கிழங்கு திரள்கின்றது. பொறாதவன் சில மாதங்களிற் கிண்டி அவித்துண்பான். (அதுவும் நல்லுணவே, நாமும் உண்பவரே.) விட்டுவைத்தவனுக்கு ஓரோலை தோன்றும். பின்னும் பல ஆண்டுகள் அடிமரந் தோன்றாது வடலியாய் நிற்கும். பாளை ஈனுதற்கு 12 ஆண்டுகள் முதல் 20 ஆண்டுகள் வரையும், சிலவிடத்து அதற்கு மேலுஞ் செல்லும். அதுவரையும் அஃது ஆணோ பெண்ணோ என்பதைக் கண்ணாற் பார்த்துச் சொல்லல் எவர்க்கும் இயலாது. மிஷன் பாடசாலையிலே தாவரநூல் கற்ற நாம் இதனைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தோம். வேலியருகே நின்ற வடலியை ஒருநாளும் பார்த்திலோம்.

பார்த்திருந்தால் ஒரு பிழை செய்திருக்கமாட்டோம். நாம் இத்தொழிலை ஏற்ற புதிதில், ஆறாம் வகுப்பிலே ஒரு மாணாக்கன் இருந்தான். வாய்பாடு அவன் நெஞ்சில் நில்லாது. தேவாரம் ஓதச் சொன்னால் இரண்டாம் அடியிலே தடைப்படுவான். "இவன் மந்தன்" என்று வகுப்பறிய உரைத்தோம். தந்தையார் வந்தபோது, "இவனைத் தோட்டத்துக்கு அனுப்புதல் நன்று" என்றோம். அவர் மறுமொழி கூறாது, மகன் கையைப் பிடித்துக்கொண்டு போயினார்.

மந்தம் என்னுஞ் சொல்லை நாம் எங்கே கற்றோம்? சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும் என்பது சித்தாந்தம். அங்கே அச்சொல் இகழ்ச்சியன்று. மந்ததரமுந் திருவருட் பதிவேயாம். ஆன்மாவுக்கு மலபரிபாகம் வருமளவும், பிறவிதோறும் உடனின்று பொறுத்திருப்பவர் சிவபெருமான். இதனை மாணாக்கருக்குப் போதித்த நாமோ, ஒரு தவணைதானும் பொறுத்திலோம்.

அங்ஙனமாயின் ஆசிரியர் வாளாவிருத்தல் அமையுமோ எனின், அமையாது. வடலியை மாடு கடியாமலும் தீப் பற்றாமலும் காத்தல் வேண்டும். குருத்தை வெட்டாதிருத்தல் வேண்டும். முளைத்ததோ என்று நாடோறுங் கிண்டிப் பார்த்தலே ஆகாதது. வகுப்பில் நாம் பெரும்பாலுஞ் செய்வது இக்கிண்டுதலையே.

சென்ற தைமாதம் அம்மாணாக்கன், இப்போது நரைகண்டவன், தன் மகனை நம்மிடம் அழைத்துவந்தான். பழையதொன்றையும் அவன் எடுத்துரைத்திலன். "பிள்ளை ஆறுதலாகத்தான் படிப்பான், ஐயா" என்று மாத்திரஞ் சொன்னான். நாம் இடாப்பை விரித்துப் பெயரெழுதினோம்.