பேச மறுத்தவளின் கதையை எழுதலாமா?

1980 மே மாதம் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில், ராணுவச் சட்டத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர்களையும் பொதுமக்களையும் ராணுவம் சுட்டுக் கொன்றது. அதைப் பற்றி ஹான் காங் 2014இல் எழுதிய நாவல் ஆங்கிலத்தில் ‘ஹ்யூமன் ஆக்ட்ஸ்’ என வெளிவந்தது. அரசின் குற்றத்தை எழுதுவது சரியா என்று கேட்க இடமே இல்லை. பிறர் பட்ட வதையைக் கதையாக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டா என்பதுதான் கேள்வி.

நாவலே இதை எழுப்புகிறது. காவலில் பாலியல் சித்திரவதைக்கு ஆளான, முன்னாள் ஆலைத் தொழிலாளியான பெண்ணிடம் ஓர் ஆய்வாளர் சாட்சியம் கேட்கிறார். நடந்ததை ஒலிப்பதிவு செய்து தரச் சொல்கிறார். அவளால் முடியவில்லை. சொல்வதென்றால் மறுபடி அதையெல்லாம் அனுபவிக்க வேண்டும். ஆய்வாளர் கெட்டவரல்லர், வரலாறு பதிவாக வேண்டும் என்பதே அவர் அக்கறை. ஆனாலும் பட்டவரையே மீண்டும் மீண்டும் கேட்பது நியாயமாகாது. ஜனநாயகத்துக்குச் சாட்சிகள் தேவை என்பதால் சாட்சி சொல்வது அவள் கடனாகிவிடாது.

ஆனால் ஒலிப்பதிவுக் கருவியிடம் சொல்லாததை வாசகர் அறிந்துகொள்கிறாரே! ஆசிரியர் செய்வதும் ஆய்வாளர் செய்ததும் ஒன்றுதானா? இல்லை. அவள் கற்பனைப் பாத்திரம். உண்மையில் வதைபட்ட எந்தப் பெண்ணும் பெயரோடும் முகத்தோடும் ஊர் முன் நிறுத்தப்படவில்லை. நடந்த கொடுமையும் மறைக்கப்படவில்லை. பெயரும் தேதியும் கேட்கும் விசாரணையால் ஆகாத காரியம் இது.

ஆனால் நாவலில் வரும், ராணுவத்தால் கொல்லப்பட்ட சிறுவன் விஷயத்தில் இந்தச் சமாதானம் செல்லாது. அவனுக்கு முன்மாதிரியாக உண்மையிலேயே ஒரு மாணவன் இருந்தான். குடும்பத்தைக் கேட்காமல் அவனை எழுதுவது திருட்டு. நாவலின் இறுதியில் எழுத்தாளர் சிறுவனின் அண்ணனைப் போய்ப் பார்க்கிறார். இனி யாரும் தம்பியை இழிவுபடுத்த முடியாதபடி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அவர் சம்மதிக்கிறார்.

தம்பி இழிவுபடுத்தப்படுவான் என்ற அண்ணனின் அச்சம் வீண் அல்ல. எழுச்சியே வடகொரிய ஊடுருவல் என்று சொல்வோர் அங்கே இன்றும் உண்டு. படுகொலைக்குப் பொறுப்பான ராணுவத் தளபதி சுன் டூ-ஹ்வானுக்கு 1996இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்பு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1997இல் மன்னிப்பும் கிடைத்தது. 2017இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில், ராணுவம் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதைக் கண்டதாகச் சொன்ன, காலமான பாதிரியாரைப் பொய்யர் என்று அவர் எழுதினார். இறந்தவர்களைப் பற்றி இவ்வளவு துணிந்து பொய் சொல்லப்படும் நாட்டில், உரியவரைக் கேட்டு, அவர் கேட்டபடி எழுதுவது வெறும் உரிமையல்ல, கடமை. சுன் 2021இல் இறந்தார். குவாங்ஜு மக்களிடம் கடைசிவரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.