யார் தட்டிலிருந்து எடுத்துச் சேமிப்பது?

மாத்தளை மாவட்டத்தின் ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் சம்பளத் துண்டு கைக்கு வரும்போது, அதில் பாதிக் கதை ஏற்கெனவே முடிந்திருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா, தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தின் தவணை எல்லாம் கழிந்து மிஞ்சியதைக் கொண்டுபோய்க் கடைக் கொப்பியின் பழைய பாக்கியை அடைக்க வேண்டும். அடைத்த சில நாட்களிலேயே அதே கொப்பியில் புதிய பக்கம் தொடங்கிவிடும். இந்தக் குடும்பங்களைப் பார்த்துத்தான், “வருகிற காசைப் பிடித்து வைக்கத் தெரியாதவர்கள்” என்று சொல்கிறார்கள். மேடையிலும் சொல்கிறார்கள், பஸ்ஸிலும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வது நியாயமா?

கணக்கைப் பார்க்கலாம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் வர்த்தமானி மூலம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. மாதம் 20 பேர், அதாவது 20 வேலை நாட்கள், விழுந்தால் 20,000 ரூபா. அடுத்த ஆண்டு நாடே கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரே வருடத்தில் சாப்பாட்டுச் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்கானது, சம்பளமோ அதே ஆயிரம். அது 1,350 ஆக உயர 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை எந்தச் சிக்கனத்தாலும் நிரப்பியிருக்க முடியாது.

நிரப்ப முயன்றவர்கள் என்ன செய்தார்கள்? முட்டையை நிறுத்தினார்கள், பால்மாவை நிறுத்தினார்கள், நெத்தலியைக் குறைத்தார்கள். மூன்று வேளை ரொட்டி இரண்டு வேளையானது. லயத்துக் காம்பராவில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அம்மா. குறைத்ததெல்லாம் முதலில் அவள் தட்டில்தான் குறைந்தது. விடியப் பெரட்டுக்குப் போய், பகல் முழுக்க மலையில் கொழுந்து பறிப்பவளும் அவளேதான். வசதியுள்ள வீட்டில் சிக்கனம் என்றால் ஓர் ஆசையைத் தள்ளிப்போடுவது. இங்கே அது ஒரு ஆளின் பங்கை எடுப்பது. கர்ப்பிணியின் சாப்பாட்டிலிருந்தும் பிள்ளையின் பஸ் காசிலிருந்தும் மிச்சம் பிடித்த பணத்தைச் சேமிப்பு என்று புகழ்வது பிழை. அந்த வீட்டில் அப்படியொரு நிலை வந்ததற்கு வெளியே இருப்பவர்களும் பொறுப்பு.

இதனால் வீட்டுக்குள் யாருக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. மனைவி பறித்த கொழுந்தின் காசு சாராயத்துக்கோ கசிப்புக்கோ போகிறதென்றால், அதற்கு வறுமையைச் சாட்டாகச் சொல்லக் கூடாது. ஒரு ஆளின் குடிக்காக நான்கு பேர் சிக்கனமாக இருப்பது அநீதி. சடங்கு, கல்யாணச் செலவு இதோடு சேராது. மொய்க் கொப்பியில் எழுதுகிற ஒவ்வொரு தொகையும் என்றோ ஒரு நாள் திரும்பி வர வேண்டியது. வங்கிக் கிளை தூரமாக இருக்கிற இடத்தில் அதுவும் ஒரு காப்புறுதி. ஆனால் மொய்யாகத் திரும்பி வரக்கூடியதற்கும் மேலே கடன்பட்டுப் பந்தல் போடுவது பிள்ளைக்குச் செய்யும் நன்மை அல்ல.

சேமிக்கத் தெரியாதவர்கள் என்ற குற்றச்சாட்டைச் சீட்டு ஒன்றே பொய்யாக்கும். பத்துப் பெண்கள் மாதம் 2,000 ரூபா போட்டால், மாதத்துக்கு ஒருத்திக்கு 20,000 போகும். எழுத்து, சாட்சி, வட்டி எதுவும் இல்லை. முதலில் எடுப்பவளுக்கு அது வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவளுக்குச் சேமிப்பு. விலை நிதானமாக இருக்கும் காலத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 2022 போன்ற ஆண்டில் பத்தாம் மாதம் கைக்கு வந்த 20,000, முதல் மாதத்து 20,000 வாங்கிய சாமானை வாங்கவில்லை. நம்பிப் பொறுத்திருந்தவளுக்குத்தான் நட்டம். அப்படிப்பட்ட காலத்தில் தவணைகளைச் சுருக்கிக்கொள்வதும், யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிறது என்று பார்த்து முறையை மாற்றிக்கொடுப்பதும் சீட்டுக்காரியின் கடமையாகிறது. வீட்டில் ஆள் விழுந்தவளுக்குத் தன் முறையை விட்டுக்கொடுக்கிற பெண்கள் லயங்களில் உண்டு. அந்த விட்டுக்கொடுத்தலை எந்த வங்கிப் புத்தகத்திலும் பார்க்க முடியாது.

நுண்கடன் நிறுவனங்கள் கைவைத்ததும் இதே அயலவர் நம்பிக்கையில்தான். குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவர்களைப் பிணையாக்கிக் கடன் கொடுத்து, வாரா வாரம் வசூலுக்கு வந்தன. ஒருத்தி கட்டத் தவறினால் பக்கத்து வீட்டுக்காரிகளே அவளை நெருக்க வேண்டும். சீட்டில் அந்த நம்பிக்கையின் பலன் லயத்துக்குள்ளேயே தங்கியது. இங்கே அது கடன் கொடுத்தவரின் உத்தரவாதமானது. மாத்தளையை ஒட்டிய பொலன்னறுவை மாவட்டத்தில், ஹிங்குராக்கொடையில், 2021 மார்ச் 8ஆம் திகதி இப்படிக் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தார்கள். வாரக் கணக்கில் அது நீடித்தது. அவர்களையும் சிக்கனம் தெரியாதவர்கள் என்றே பலர் நினைத்தார்கள்.

மலையகத்துக்குக் கடன் புதிதல்ல. மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கடந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பெயரில், வேலை தொடங்கும் முன்பே பயணச் செலவு கடனாக ஏறியிருந்தது. அந்தக் கடனைத் துண்டில் எழுதி, அதைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று வைத்திருந்த முறை 1921இல்தான் சட்டத்தால் நிறுத்தப்பட்டது. சேமிக்க விடாமலே வைத்திருந்த ஒரு சமூகத்திடம் சேமிப்புப் பழக்கம் எங்கே என்று கேட்பதற்கு முன், இந்த வரலாறு நினைவுக்கு வர வேண்டும்.

உண்மையில் இந்தத் தொழிலாளர்கள் ஒவ்வொரு சம்பளத்திலும் தவறாமல் சேமிக்கிறார்கள். அவர்களின் 8 வீதத்தோடு தோட்டம் 12 வீதம் சேர்த்துச் சேமலாப நிதிக்கும், தனியாக 3 வீதம் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் செலுத்த வேண்டும் என்பது சட்டம். அரச நிர்வாகத்துத் தோட்டங்கள் சிலவற்றில் இந்தப் பணம் கட்டப்படாமல் நிலுவையில் விழுந்தது நாடாளுமன்றம் வரை பேசப்பட்ட விவகாரம். ஓய்வு பெற்றவர் தன் சொந்தச் சேமிப்புக்காகக் காரியாலயப் படிகளில் ஏறி இறங்குகிறார். இதில் ஊதாரித்தனம் ஒன்று உண்டென்றால், அது அந்தப் பணத்தைக் கட்டாமல் விட்ட கையில்தான் இருக்கிறது.

ஆகவே தோட்டங்களில் சேமிப்பு வகுப்பு நடத்தப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். போகும்போது தொழிலாளரின் சேமலாப நிதிக் கணக்கு விபரத்தைப் பெற்றுக்கொடுக்கவும், அதை வாசித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவும் ஆயத்தமாகப் போங்கள். கட்டப்படாத மாதங்கள் இருந்தால், தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுக்க அவர்களோடு கூடவே செல்லுங்கள். வீட்டுச் செலவைக் குறைப்பதைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.