ஒரே ஆள், ஒரு வகுப்பு

நியூயார்க் அரசுப் பள்ளிகளில் 8 வருஷம் நாடகம் சொல்லிக்கொடுத்தவர் நிலாஜா சன். பார்த்ததையெல்லாம் சேர்த்து 2006-ல் 'நோ சைல்ட்...' என்று மேடையேற்றினார். பாத்திரங்கள் 16, நடிப்பவர் அவர் ஒருவர்தான். புஷ் காலத்துக் கல்விச் சட்டத்தின் பெயரைப் பாதியில் நறுக்கி வைத்த தலைப்பு. கதையைச் சொல்வது பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் கிழவர். அது எனக்குப் பிடித்திருக்கிறது. எச்.எம். மாறுவார், டீச்சர் மாற்றல் வாங்கிப் போவார். துடைப்பம் பிடித்தவர்தான் அத்தனையையும் பார்த்தவர்.

*

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையப் படிக்கட்டு. சீருடை கசங்கிய பையன் ஒருவன் கூட்டாளிகளுக்குக் கணக்கு மிஸ்ஸை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். இல்லாத முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினான். "நோட்டு எங்கடா?" அடுத்த நொடி கழுத்து குறுகியது, வலது கால் இடது காலைச் சொறிந்தது. "வூட்ல வெச்சிட்டேன் மிஸ்." கேட்டதும் அவன், மாட்டிக்கொண்டதும் அவன்.

மிஸ் நோட்டைப் புரட்டும்போது ஒரு கொட்டாவியை அடக்கினார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவைக்க அவன் அதைச் செய்யவும் இல்லை. கிண்டலுக்கென்று ஆரம்பித்தவன், அவருடைய அசதியையும் கூடவே எடுத்து வந்துவிட்டான்.

*

ஒரே பாகவதர் ராவணனாக உறுமி, அதே மூச்சில் சீதையாகக் கலங்குவதை மயிலாப்பூர் வட்டாரம் தலைமுறைகளாகக் கேட்டிருக்கிறது. ஆனால் அந்தக் காலட்சேபத்தில் சத்துணவுத் தட்டு சத்தம் கேட்டதில்லை.

நிலாஜாவின் பள்ளி வாசலில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி நிற்கிறது. நம் பள்ளிக் கதைக்கு வாசல், சோற்று வரிசைதான். 1920-ல் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட வைத்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. அந்த வரிசையில் தம்பிக்கென்று முட்டையைப் பாக்கெட்டில் போடுகிறவனும் நிற்பான், பார்த்தும் பார்க்காத மாதிரி கரண்டியைத் திருப்பும் ஆயாம்மாவும் நிற்பார். இருவரையும் ஒரே ஆள் செய்யவேண்டும். தனிநடிப்பில் யாரையும் ஒரேயடியாக வில்லனாக்கிவிட முடியாது. திட்டின வாயே திட்டு வாங்கிப் பதிலும் சொல்லியாக வேண்டும்.

*

அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா 2022-23-ல் தொடங்கியது. தனிநபர் நடிப்பும் அதில் ஒரு போட்டி. ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம். நல்ல காரியம், குறை சொல்ல மனமில்லை. என்றாலும் போட்டி என்றதும் பிள்ளைகள் கட்டபொம்மனாகவோ பாரதியாகவோ மாறிவிடுகிறார்கள். மீசை ஒட்டி, வாத்தியார் எழுதித் தந்த வசனத்தை அடித்தொண்டையில் கத்துகிறார்கள். படிக்கட்டில் பார்த்த அந்தக் கழுத்துக் குறுகலுக்கு அங்கே இடம் கிடைக்குமா? முன்வரிசையில் எச்.எம். உட்கார்ந்திருக்கிறாரே!

நிலாஜாவின் நாடகத்துக்குள் மாணவர்கள் இன்னொரு நாடகம் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதிகள் நாடகம் போடும் கதை அது. தங்களையே கைதிகளாக நினைத்திருந்த பிள்ளைகளுக்கு அதைப் போய்த் தேர்ந்தெடுத்ததில் நிலாஜாவின் குறும்பும் துணிச்சலும் தெரிகின்றன.

இங்கே அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 'எங்க ஸ்கூல்' என்று தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டு, வசனம் எழுதும் சார் அரைமணி நேரம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.