பாடுகளுக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருடையது?

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் மரணம் நேர்ந்தால் அச்சடிக்கும் நினைவு அட்டைகளில் யோபு புத்தகத்தின் முதல் அதிகாரத்து வசனம் ஒன்று அடிக்கடி இடம்பெறும். கொடுத்தவரும் எடுத்துக்கொண்டவரும் கர்த்தரே என்று பொருள்படும் வசனம் அது. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பன் தன் இழப்பைப் பற்றித் தன் வாயாலேயே சொன்னது. அதே மனிதர் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதை எவரும் அட்டையில் போடுவதில்லை.

துன்பம் வீணல்ல என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் உயிர்நாடி. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் உபத்திரவத்தில் தொடங்கி நம்பிக்கையில் போய் முடிகிறார். ஆனால் அடிபட்டவர், சிறையிருந்தவர் என்ற நிலையில் நின்று, தன்னையும் சேர்த்தே அதை எழுதுகிறார். அடிபடாத ஒருவர் துக்க வீட்டு நாற்காலியில் அமர்ந்து, ‘ஆண்டவர் ஒரு நோக்கத்தோடுதான் இதை அனுமதித்திருக்கிறார்’ என்று இன்னொருவரிடம் சொல்லும்போதுதான் அறக் கேள்வி எழுகிறது. ஒருவர் பட்ட பாட்டுக்கு இன்னொருவர் பொருள் சொல்லலாமா?

யோபின் நண்பர்களிடமே இதற்கு முதல் விடை இருக்கிறது. ஏழு நாள் இரவும் பகலும் அவர்கள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் மேல் குறையில்லை. பிறகு வாயைத் திறந்து காரணங்களை அடுக்கத் தொடங்கினார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் விழுவது தன்னோடு வழக்காடிய யோபின் மேல் அல்ல, தனக்காக வாதாடிய இந்த நண்பர்கள் மேல்தான்.

இனி திண்டிவனத்துக்கு வரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள அங்கே வந்திருந்தார். இந்தியாவில் தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிக்கு உதவி கேட்டு அவரிடம் வந்தார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அழைத்துப் போகச் சொன்னார். ஆண் மருத்துவர் தங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார்; 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று 1900இல் வேலூருக்கு வந்தார். 1918இல் பெண்களுக்கென அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளி வளர்ந்துதான் இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆனது.

பிரசங்க மேடைகளில் இந்தக் கதை பெரும்பாலும் கடவுளின் அழைப்பாகச் சொல்லப்படும். ஐடா அப்படி உணர்ந்ததில் தவறில்லை, அது அவருடைய வாழ்க்கை. ஆனால் அந்த மூன்று பெண்கள்? வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் அவர்களுக்குப் பெயர்கூட இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரி உருவாவதற்காக அவர்கள் இறந்தார்கள் என்று சொன்னால், ஒருவரின் அழைப்புக்கு மூவரைக் கூலியாகக் கொடுத்த கணக்காகிவிடும். அப்படிக் கணக்குப் பார்க்கும் கடவுளைச் சுவிசேஷங்களில் காண முடியாது. இன்னொன்றும் உண்டு. அவர்கள் சாவுக்குக் காரணம் கண்ணெதிரே இருந்தது. உயிர் போனாலும் ஆண் கை படக்கூடாது என்ற வழக்கமும், பெண் மருத்துவர் இல்லாத குறையுமே அந்தக் காரணம். அதைத் தேவசித்தம் என்று பெயரிட்டால் மனிதர் செய்த குற்றம் கடவுள் கணக்கில் ஏறிவிடும். ஐடா அப்படிப் பெயரிட்டுவிட்டு ஓய்ந்திருந்தால் மருத்துவம் படிக்கப் போயிருக்கவே மாட்டார்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. துன்பப்படுகிறவர் தானே பொருள் கண்டுகொள்ளட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டால், மூழ்குகிறவரை நீச்சல் கற்றுக்கொள்ளச் சொன்னதுபோல் ஆகாதா? தனக்காக ஜெபிக்கவும் தெம்பில்லாதவருக்குப் பதிலாகச் சபை நம்பியிருப்பதும் பழைய வழக்கந்தானே? உண்மைதான். ஆனால் ஒருவருக்காக நம்புவது வேறு, அவருக்கு விளக்கம் சொல்வது வேறு.

அந்த வேறுபாட்டையும் வேலூரிலேயே பார்க்கலாம். 1954இல் அங்கே பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் வாகன விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் சீராக்கிவந்த பால் பிராண்ட் அவருக்கு ஒரு வழி காட்டினார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதுதான் அது. விபத்து ஏன் நடந்தது என்பதற்கு அதில் விடை இல்லை, செய்வதற்கு வேலை இருந்தது. மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தன் வாழ்வுக்குப் பொருள் உண்டென்று அவர் சொன்னால் அதைக் கேட்கலாம், மறுத்துப் பேச எவருக்கும் இடமில்லை. அதே நேரத்தில், அவர் சொன்னதை எடுத்து அடுத்த கட்டிலில் கிடப்பவர் தலையில் வைக்கவும் இடமில்லை. சாட்சிக் கூட்டங்களில் நடப்பது பெரும்பாலும் அதுதான். பிழைத்தவர் கையில் ஒலிவாங்கி இருக்கும். பிழைக்காதவர் சார்பில் யாரும் பேசுவதில்லை.

யோவான் ஒன்பதாம் அதிகாரம் இந்த வாதத்துக்கு எதிராக நிற்பதுபோல் தோன்றும். பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள் பாவம் செய்தது இவரா, இவரைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். இயேசு இரண்டையும் தள்ளிவிட்டு, கடவுளின் செயல் வெளிப்படும்படியே என்று நோக்கம் சொல்கிறார். கடினமான இடம்தான், பூசி மெழுகத் தேவையில்லை. ஆனால் சொன்னவர் அடுத்த கணமே தரையில் உமிழ்ந்து, சேறு குழைத்து, அந்தக் கண்களில் பூசுகிறார். நோக்கத்தைச் சொன்ன அவரே அதை நிறைவேற்றும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சேற்றைத் தொடாதவர்களுக்கு அந்த அதிகாரம் உதவாது.

நோக்கம் என்ற சொல்லுக்கே எட்டாத இடங்களும் உண்டு. மறதி நோயில் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் கிடக்கும் முதியவர் இனி எந்த மருத்துவமனையையும் கட்டப்போவதில்லை. அவருடைய பாட்டிலிருந்து சாட்சி எதுவும் வராது. துன்பத்தின் மதிப்பை அதனால் விளைந்த பயனை வைத்தே அளந்து பழகிய சபை, இவர் கட்டிலருகே வந்ததும் பேச்சற்றுப் போகும். நம்பிக்கையோ பயனைக் கேட்பதில்லை. கெத்செமனேயில் இயேசு தன் சீடர்களிடம் விளக்கம் கேட்கவில்லை. தன்னோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்களோ தூங்கிவிட்டார்கள்.

அந்த முதியவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கு ஞாயிறு ஆராதனைக்குப் போய்வர மூன்று மணி நேரம் தேவை. அந்த நேரத்தில் கட்டிலருகே வேறொருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், அடுத்த வாரம் இன்னொருவர். பாடகர் குழுவுக்கு ஒத்திகை அட்டவணை போடத் தெரிந்த சபைக்கு இதற்கும் ஓர் அட்டவணை போடுவது முடியாத காரியமல்ல.