பயன் தாராப் பறவை

அச்சத்தால் வெறுக்கப்பட்ட ஓர் உயிர், பின்னர்ப் பயன் கருதிப் போற்றப்படுமாயின், அதனை அறம் எனலாமா? இவ்வினாவை எழுப்பத்தக்க சான்றொன்று ஜொகூர் மாநிலத்தில் உண்டு.

கூகையின் குரலைச் சாவின் முன்னறிவிப்பெனக் கருதி அஞ்சியோர் நம்மவர். அவ்வினத்தைச் சேர்ந்த வெண்கூகை, 1969ஆம் ஆண்டில் ஜொகூர்ச் செம்பனைத் தோட்டமொன்றில் குஞ்சு பொரித்தமை பதிவாயிற்று. செம்பனைக் குலையைக் கொறிக்கும் எலியே அதன் இரை. ஆதலின், பின்னாளில் மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் கம்பம் நட்டு, அதற்கெனப் பெட்டி அமைத்தனர். பயனறிவு அச்சத்தை அகற்றியது, அது நன்றே. ஆயினும், எலி ஒழிந்தால் கூகையின் மதிப்பும் ஒழியுமன்றோ?

பயன் கருதாப் பரிவை இளமையிலேயே வளர்க்கவேண்டிய இடம் பள்ளி. ஓவியமும் தோட்டமும் அதற்குரிய வழிகள். தையல்சிட்டின் கூட்டை வரையப் புகும் சிறுவன், இலையின் ஓரங்களைத் துளைத்து அது நாரால் தைத்திருக்கும் நுட்பத்தை உற்று நோக்கியாக வேண்டும். உற்று நோக்கிய கை கல்லெறியத் தயங்கும். செம்பருத்தி நட்ட சிறுமி, அழைத்தால் வாராத தேன்சிட்டுக்காகக் காத்திருக்கப் பழகுவாள். இலையை அரிக்கும் புழுவைக் கண்டு முதலில் வருந்துவாள். அது குஞ்சுகளுக்கு உணவென அறிந்தபின், தன் செடியில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பாள்.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் செயலைக் கொடைமடம் என்பர். கூகைக்குப் பெட்டி வைத்தவன் கணக்கறிந்தவன். பேகன் கணக்கை மறந்தவன். கல்வி முன்னவனிடம் தொடங்கலாம். பின்னவனிடம் சென்று சேர்தல் வேண்டும்.