வாடகைக் காரில் வட்டி ஏறலாமா?

வாடகைக்கு எடுத்த பொருள், எடுத்தவனுடைய குற்றம் ஏதுமின்றி அழிந்துபோனால் அந்த இழப்பு யாரைச் சாரும்? மேலோட்டமாகப் பார்த்தால் இது வக்கீல்களுக்குரிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் ஹலாலான வாடகையையும் ஹராமான வட்டியையும் பிரித்துக் காட்டும் கோடு இந்தக் கேள்வியின் மீதுதான் ஓடுகிறது. வாசக சகோதரர்களும் தாய்மார்களும் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் இன்றில்லாவிட்டாலும் நாளை இந்தக் காகிதத்தில் கையெழுத்திடும் நிலை வரத்தான் போகிறது.

கலெக்டர் ஆபீஸ் அமைந்துள்ள எங்கள் வேங்கிக்காலிலும் திருவண்ணாமலை நகரிலும் படித்த இளைஞர்களில் பலர் பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலாளிமார் சம்பளத்துடன் ஒரு வசதியைக் காட்டுகிறார்கள். காரை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. லீஸ் கம்பெனி வாங்கித் தரும். மாத வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம். மூன்று நான்கு ஆண்டுகள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது மீதி விலையைக் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மின்சாரக் கார் என்றால் இன்னும் சௌகரியம். அதற்கு ஜி.எஸ்.டி. வரி 2019 ஆகஸ்டு முதல் 5 சதவீதம்தான். பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கோ 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஆகவே ஆடம்பரக் கார் வேண்டுவோர் மின்சாரத்தின் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை.

அப்படியொரு தம்பி ஒப்பந்த நகலுடன் என்னிடம் வந்தார். அவர் மனம் வைத்திருப்பது சென்னைத் தொழிற்சாலையில் பூட்டப்படும் பி.எம்.டபிள்யூ. மின்சாரக் கார். 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49 லட்சம் ரூபாய். "ஹஜ்ரத், முப்பது பக்கத்திலும் வட்டி என்ற சொல்லே இல்லை. வாடகைதானே, கூடுமல்லவா?" என்றார். சொல் இல்லை என்பது உண்மைதான். பொருள் இருக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தை அகற்றிவிடுவோம். நம் ஊர்களில் 'வீட்டை லீசுக்கு விடுகிறேன்' என்றால், சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகையின்றிக் குடியிருக்கவிட்டு, முடிவில் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுப்பது. போக்கியம் என்றும் சொல்வார்கள். அது வாடகையே அன்று. கடன் கொடுத்தவன் கடனுக்காகப் பெறும் பயன் அது. வட்டியின் வாடை அதில் பலமாகவே அடிக்கிறது. அதைப் பற்றி வேறு சமயம் எழுதுவோம். கார் லீஸ் என்பது மாதாமாதம் வாடகை கொடுத்துப் பயனைப் பெறுவது. பிக்ஹில் இதற்கு இஜாரா என்று பெயர்: ஒரு பொருளின் பயனை, தெரிந்த தவணைக்கு, தெரிந்த கூலிக்கு விற்பது. ஆளைக் கூலிக்கு அமர்த்துவதும் இதே பெயரில்தான் வரும்.

இஜாரா பழைமையானது, கண்ணியமானது. அல்கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களுக்கும் மத்யன் பெரியவருக்கும் நடந்த பேச்சுவார்த்தையை வல்ல நாயன் நமக்கு எடுத்துரைக்கின்றான். தவணை எட்டு ஆண்டுகள். பத்தாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பம். சிரமம் கொடுக்கும் எண்ணம் தமக்கில்லை என்கிறார் பெரியவர். இரண்டு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது அத்துமீறல் இருக்கக் கூடாது என்று மூஸா (அலை) அவர்கள் வாயால் உறுதி செய்துகொள்கிறார்கள். நபியே ஷரத்துப் பேசித்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஹிஜ்ரத்தின்போது பெருமானார் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிமாகவும் இருக்கவில்லை. ஆகவே லீஸ் கம்பெனி யாருடையது என்பது பிரச்சினையன்று.

பிரச்சினை சுமையில் இருக்கிறது. ஒருவர் அடிமையொன்றை வாங்கி, வேலை வாங்கிச் சம்பாதித்தபின் குறை கண்டு திருப்பிக் கொடுத்தார். விற்றவர், அந்தச் சம்பாத்தியத்தையும் கேட்டார். இழப்பை யார் சுமக்கிறாரோ வருமானம் அவருக்கே என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீது அபூதாவூதில் உள்ளது. ஃபுகஹாக்கள் இதிலிருந்து பெரியதொரு விதியையே எடுத்தார்கள். காரின் சொந்தக்காரன் வாடகை வாங்குவது ஏன் ஹலால்? கார் அவனுடையது, அது எரிந்தால் எரிவது அவன் சொத்து, விலை விழுந்தால் விழுவது அவன் தலையில். அந்தச் சுமைதான் அவனுடைய வாடகைக்கு நியாயம்.

இப்போது ஒப்பந்தத்தைப் பாருங்கள். கார் வெள்ளத்தில் போனாலும் விபத்தில் நொறுங்கினாலும், இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதி வாடகை அனைத்தையும் எடுத்தவரே கட்ட வேண்டும். பெரிய பழுதும் அவரே. முடிவில் குறித்த விலைக்குக் கார் போகாவிட்டால் துண்டு விழும் தொகையும் அவரே. அப்படியானால் கம்பெனி எதைச் சுமந்தது? 49 லட்சத்தை எடுத்து வைத்தது. அதைவிடக் கூடுதலாகத் திரும்பப் பெறுகிறது. இடையில் ஒரு கார் நிற்கிறது. அந்தக் கார் வெறும் திரை. இதை வாடகை என்றழைப்பதால் இது வாடகையாகிவிடாது.

இதை மௌலவிமார் மட்டும் சொல்லவில்லை. நம் நாட்டுக் கணக்காயர்கள் 2019 ஏப்ரல் முதல் பின்பற்றும் 116-ஆம் இந்தியக் கணக்கியல் தரம், லீஸுக்கு விடுபவருக்கு ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் வைக்கிறது. உடைமைக்குரிய நன்மை தீமைகள் பெரும்பாலும் எடுத்தவர் பக்கம் போய்விட்டனவா? போய்விட்டால் அது நிதி லீஸ். விடுபவர் தம் ஏட்டில் காரை எழுத முடியாது, வர வேண்டிய பாக்கியைத்தான் எழுத முடியும். போகாவிட்டால் அது நடப்பு லீஸ். கார் விடுபவர் ஏட்டிலேயே இருக்கும். மார்க்கம் அறியாத கணக்குப்பிள்ளையும் கண்டுபிடித்துவிடும் வித்தியாசத்தை நாம் காண மறுக்கலாமா?

உடைமையின் சுமை எத்தகையது என்பதற்கு உலகறிந்த சம்பவம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் கம்பெனி 2021-ல் ஒரு லட்சம் டெஸ்லா மின்சாரக் கார்களை வாங்கப்போவதாக ஆரவாரமாக அறிவித்தது. 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சாரக் கார்களை விற்றுவிடப்போவதாகவும், விலை வீழ்ச்சிக்காக 24.5 கோடி டாலரை நட்டமாக எழுதுவதாகவும் அதே கம்பெனி அறிவித்தது. வாடகைக்கு எடுத்து ஓட்டிய மக்கள் அதில் ஒரு காசும் கொடுக்கவில்லை. அதுவே இஜாரா. மின்சாரக் காரின் விலை எவ்வளவு விரைவில் இறங்கும் என்பதை லீஸ் கம்பெனிகள் நன்கறியும். அறிந்திருப்பதால்தான் அந்தச் சுமையை உங்கள் பக்கம் தள்ளப் பார்க்கின்றன.

2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, முடிவில் சொந்தமாகும் லீஸ் பற்றி 110-ஆம் தீர்மானம் இயற்றியது. ஒரே பொருளின் மீது ஒரே நேரத்தில் வாடகையும் விற்பனையும் பின்னிக்கிடக்கக் கூடாது. எடுத்தவரின் அத்துமீறலோ அலட்சியமோ இன்றி வரும் இழப்பு உடைமையாளருடையது. அன்றாட ஓட்டத்துக்கான செலவு தவிர்த்த பராமரிப்பும் அவருடையது என்பன அதன் சாரம். தவணை முடிந்தபின் அன்றைய மார்க்கெட் விலைக்கு வாங்கும் விருப்புரிமை இருக்கலாம் என்றும் வழி காட்டியது.

ஆகவே முதல் லீஸுக்குப் பேரம் பேசப் போகிறவர் மாத வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைப்பதோடு நின்றுவிடக் கூடாது. கார் முழுதாக அழிந்தால் அந்தத் தேதியோடு வாடகை நின்றுவிட வேண்டும், இன்சூரன்ஸ் தொகை கம்பெனியைச் சேரட்டும், அதற்குமேல் என்மீது பாக்கியில்லை என்று எழுதிக் கேளுங்கள். இதுவே தலையான ஷரத்து. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம் என்பதால் அதில் நமக்குத் தேர்வில்லை. இன்சூரன்ஸ் செலவைக் கம்பெனியே ஏற்று, முதலிலேயே வாடகையில் கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

மின்சாரக் காரில் தனித்த விஷயம் பேட்டரி. அது ஆண்டுக்காண்டு சக்தி குறையும். பெரும்பாலான கம்பெனிகள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை பேட்டரிக்கு உத்தரவாதம் தருகின்றன. இயல்பான தேய்மானத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் சேதம் என்று கணக்கெழுதக் கூடாது என்று முன்னரே கேட்டு வாங்குங்கள். சவாரி செய்தவன் முறையாகச் செய்தான், குதிரைக்கு வயதாயிற்று. அதற்கு அவன் ஈடு கொடுக்க வேண்டுமா?

ஆனால் இந்த நியாயம் மறுபக்கமும் வெட்டும். மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவில் ஒரு மஸ்அலா உண்டு. ஹீரா வரை செல்ல ஒருவன் வாகனப் பிராணியை வாடகைக்கு எடுத்தான். அதைக் கடந்து காதிஸிய்யா வரை ஓட்டினான். பின்பு ஹீராவுக்கே திரும்பியபின் பிராணி இறந்தது. அவன் ஈடு கொடுக்க வேண்டும். எல்லை மீறிய கணத்திலேயே அவன் கையிலிருந்த அமானிதம் அபகரிப்பாக மாறிவிட்டது. இன்றைய லீஸில் ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பு இருக்கிறதே, அது இந்த ஹீராதான். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியாக இங்கு வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மாதம் இருமுறை வந்து போனாலே 800 ஆகிவிடும். கையெழுத்திடுமுன் உண்மையான கணக்கைப் போட்டு, அதற்கேற்ற வரம்பைக் கேளுங்கள். குறைவாகச் சொல்லி வாடகையைக் குறைத்துவிட்டுப் பிறகு மீட்டரைத் திருத்தும் கெட்டிக்காரர்களும் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் உண்பது ஹலால்தானா என்று அவர்களே தங்கள் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வேலை போய்விட்டால் என்ன செய்வது? ஹனஃபி மத்ஹபில் தக்க காரணம் இருந்தால் இஜாராவை முறித்துக்கொள்ள இடமுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் எடுத்தவரின் சொந்த நெருக்கடிக்காக முறிக்க இயலாது. ஆனால் காரையும் பிடுங்கிக்கொண்டு, மீதி மாதங்களின் வாடகை முழுவதையும் கொடு என்பதை நியாயமென்று எவ்வாறு சொல்வது? பயனைக் கொடாமல் கூலி ஏது? முறிவுக்கான தொகை கம்பெனிக்கு உண்மையில் நேரும் நட்டத்தளவில் நிற்க வேண்டும் என்று பேசுங்கள். தாமதக் கட்டணம் இதைவிட மோசம். தவணை தவறினால் பாக்கியின் மீது சதவீதம் ஏறுவது ஜாஹிலிய்யாக் காலத்து வட்டியேதான். அதை நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால் ஏற்றுக் கையெழுத்திடுவதும் குற்றமே என்பது என் கருத்து.

வாடகைத் தொகையைக் கணக்கிடும்போது கம்பெனி உள்ளுக்குள் பாங்கு வட்டி விகிதத்தை அளவுகோலாக வைத்திருக்குமே என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க லீஸ்களில் அதை ஒரு சிறு பின்னமாக எழுதி மறைத்து வைக்கிறார்கள்; 2400-ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி வெளியே வந்துவிடும். அளவுகோல் அழகானதன்று. ஆயினும் சுமை உண்மையில் உடைமையாளரிடம் இருக்குமானால் அளவுகோல் ஒன்றினால் மட்டும் ஒப்பந்தம் ஹராமாகாது என்று முஃப்தி தகீ உஸ்மானி போன்றோர் கூறியுள்ளனர்.

பேரம் பேசுவது கௌரவக் குறைவென்று சிலர் நினைக்கிறார்கள். பூசணிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் வாதாடும் நாம், முப்பது பக்க இங்கிலீஷ் காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்திடுகிறோம். ஜாபிர் (ரலி) அவர்களின் களைத்த ஒட்டகத்துக்குப் பெருமானார் (ஸல்) அவர்களே பயணத்தில் விலை பேசினார்கள். மதீனா சேரும்வரை தாமே சவாரி செய்வதாக ஜாபிர் (ரலி) ஷரத்து வைத்தார்கள், அதுவும் ஏற்கப்பட்டது. ஊர் சேர்ந்ததும் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் நாயகம். பேரத்தில் உறுதி, முடிவில் தாராளம்!

இன்னொன்று: கார் உண்மையிலேயே இருக்க வேண்டும், கம்பெனியின் உடைமையாகவும் இருக்க வேண்டும். பெங்களூரிலும் டெல்லியிலும் ஓடிய புளூஸ்மார்ட் மின்சார டாக்சிகளில் பெருந்தொகையானவை ஜென்சால் கம்பெனியிடமிருந்து லீஸுக்கு எடுத்தவை. 6,400 கார்கள் வாங்கக் கடன் பெற்ற ஜென்சால் 4,704 மட்டுமே வாங்கியிருந்தது என்றும், பணம் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டது என்றும் செபி 2025 ஏப்ரல் 15 தேதியிட்ட இடைக்கால ஆணையில் கூறியது. டாக்சிகள் நின்றன, ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் பிழைப்பிழந்தனர். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர், யாரிடம் அடமானம் என்று பார்ப்பது சந்தேகப் புத்தியன்று.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் ஒன்று எஞ்சி நிற்கிறது. 49 லட்சத்துக் கார் எதற்கு? அல்லாஹ் அருளிய அழகிய பொருள்களைத் தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. வசதியுள்ளவர் நல்ல வாகனத்தில் செல்வது வீண்விரயம் என்று நான் தீர்ப்புக் கூறமாட்டேன். ஆனால் சொந்தமாக வாங்கிய செல்வந்தருக்கு இல்லாத ஒரு சோதனை லீஸுக்கு எடுத்தவருக்கு உண்டு. தனக்குக் கொடுக்கப்படாததைக் கொண்டு நிறைந்தவனாகக் காட்டிக்கொள்பவனை, பொய்யின் இரண்டு ஆடைகளை உடுத்தவனுக்கு நாயகம் (ஸல்) ஒப்பிட்டதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பெண் பார்க்கப் போகும் வீட்டின் முன் அந்தக் காரை நிறுத்தும்போது, இது யாருடையது என்று பெண்ணின் தகப்பனார் நினைத்துக்கொள்வார்? நினைக்கட்டுமே என்று வாய்மூடி இருப்பதற்காகத்தான் காரே எடுக்கப்படுகிறதென்றால், ஒப்பந்தத்தின் முப்பது பக்கமும் சுத்தமாக இருந்து என்ன பயன்? தம்பியிடம் இதை நேராகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பிறகு சற்று நேரம் பேசவில்லை.

கம்பெனி இசையாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். கையிலுள்ள பணத்துக்குச் சிறிய கார் வாங்கலாம். இழப்பை உடைமையாளரே சுமக்கும் மாத வாடகைக்கு எடுக்கலாம். பெங்களூருக்கு இங்கிருந்து அரசுப் பேருந்தும் ஓடுகிறது. தம்பி எல்லா ஷரத்துகளையும் எழுதி அனுப்பியிருக்கிறார். பேட்டரி பற்றியும் தாமதக் கட்டணம் பற்றியும் இசைவான பதில் வந்திருக்கிறது. கார் முழுதாக அழிந்தால் என்ன என்ற கேள்வியைத் தங்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்பியிருப்பதாகக் கம்பெனியார் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதில் வரும்வரை கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.