சாட்சியும் விசுவாசமும்

கிறிஸ்தவ விசுவாசம் பகுத்தறிவுக்கு ஒத்ததா என்னும் வினா எழும் இடங்களிலெல்லாம், வாதம் பெரும்பாலும் கடவுள் உண்டா இல்லையா என்பதில் தொடங்கி, அங்கேயே களைத்து நின்றுவிடுகிறது. உலகத்துக்கு ஒரு காரணம் வேண்டும் என்பார் ஒருவர். அந்தக் காரணத்துக்குக் காரணம் எது என்பார் மற்றொருவர். இவ்வாதம் பழமையானது, மதிப்புக்குரியது. ஆயினும் இது கிறிஸ்தவத்துக்கே உரிய வாதமன்று. நம் நாட்டுத் தர்க்க மரபினராகிய நையாயிகர்கள் ஈசுவரனை அனுமானத்தால் நிறுவ முற்பட்டதும், மீமாம்சகர்கள் அவ்வனுமானத்தை மறுத்ததும் இதே களத்தில்தான். கிறிஸ்தவன் இதற்கு மேலும் ஒன்று சொல்கிறான்: ரோமப் பேரரசின் ஒரு கோடியில், பொந்தியு பிலாத்து என்னும் அதிகாரியின் ஆளுகையில், சிலுவையில் அறையுண்டு மாண்ட ஒருவர் மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்கிறான். தத்துவ நிலையில் கண்ட ஓர் உண்மையாக அன்று, ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட காலத்தில் நடந்த நிகழ்ச்சியாக இதனை அவன் கூறுவதால், தர்க்கத்தின் வாயிலில் மட்டுமன்றிச் சரித்திரத்தின் வாயிலிலும் அவன் நின்று பதில் சொல்லியாக வேண்டும். அவன் கையிலுள்ள ஆதாரமோ பிறர் சொல்; அதாவது சாட்சியம். ஆகையால் விசுவாசம் அறிவுக்கு ஏற்றதா என்ற வினாவின் உயிர்நிலை, பிறர் சொல்லை எந்த எல்லை வரைக்கும் நம்புவது அறிவுடைமை என்பதே என்று நான் கருதுகிறேன்.

இந்த விசுவாசம் தன்னை விசாரணைக்கு ஒப்புக்கொடுத்தே பிறந்தது. இயேசு மாண்டு ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழிந்த நிலையில், கி.பி. 55ஐ ஒட்டி, பவுல் அப்போஸ்தலர் கொரிந்து நகரத்துச் சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள் இன்னின்னார் என்று வரிசைப்படுத்துகிறார். 500 பேருக்கு மேற்பட்டோர் ஒரே வேளையில் கண்டனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கின்றனர் என்றும் சேர்த்து எழுதுகிறார். கிறிஸ்து எழுந்திராவிட்டால் தம்முடைய பிரசங்கமும் வீண், கேட்போருடைய விசுவாசமும் வீண் என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். விசுவாசத்தை ஆராய்வது பாவம் என்று அஞ்சும் கிறிஸ்தவர் இந்த அதிகாரத்தை ஊன்றிப் படித்திருக்க முடியாது. அதே வேளையில், அந்த 500 பேரின் பெயர்களோ வாய்மொழிகளோ நமக்குக் கிடைக்கவில்லை, அவர்களைப் பற்றிப் பவுல் சொன்ன சொல்லே கிடைத்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இவ்விசாரணையில் எதிர்வழக்கைக் கூர்மையாக எடுத்துரைத்தவர் ஸ்காட்லாந்து தேசத்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம். மனித அறிவைப் பற்றி அவர் 1748இல் வெளியிட்ட நூலின் பத்தாம் பகுதி அற்புதங்களைப் பற்றியது. அவர் வாதம் எளிமையானது. எளிமையே அதன் வலிமை. சாட்சியத்தை நாம் நம்புவது, சாட்சி சொல்வோர் பெரும்பாலும் மெய்யே சொல்கிறார்கள் என்ற அனுபவத்தால். இயற்கையின் விதியை நாம் நம்புவதோ, ஒருகாலும் மாறாத அனுபவத்தால். ஆகவே, மாண்டவர் எழுந்தார் என்று ஒருவர் வந்து சொன்னால், அவர் ஏமாற்றுகிறாரா அல்லது ஏமாந்தாரா என்னும் வாய்ப்பை ஒரு தட்டிலும், மாண்டவர் மெய்யாகவே எழுந்தார் என்னும் வாய்ப்பை மறுதட்டிலும் இட்டு நிறுத்துப் பார்க்க வேண்டும். சாட்சியம் பொய்யாவது அந்த அற்புதத்தைக் காட்டிலும் பெரிய அற்புதமாக இருந்தாலன்றி அதனை ஏற்கலாகாது.

இதனைப் படிக்கும் எவருக்கும் முதலில் இதனை மறுக்கத் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை. ஆனால் ஹியூம் தம் வாதத்தினிடையே ஓர் உதாரணம் காட்டுகிறார். உறைபனியைக் கண்டிராத இந்திய அரசகுமாரன் ஒருவன், நீர் உறைந்து கல்லாகும் என்ற செய்தியை முதலில் கேட்டபோது நம்ப மறுத்தான். அவன் மறுத்தது நியாயமே என்கிறார். அவருக்கு முன்பே ஜான் லாக், டச்சுத் தூதர் சொன்ன பனிக்கட்டிச் செய்தியை நம்பாத சயாம் மன்னனைப் பற்றி எழுதியிருக்கிறார். வெப்ப நாட்டில் பிறந்த நாம் இந்த உதாரணத்தின்மேல் சற்று நின்று சிந்திப்பது தகும். அரசகுமாரன் நியாயமாகவே சிந்தித்தான். நியாயமாகச் சிந்தித்தும் பிழையான முடிவுக்கு வந்தான். ஏனெனில், தன் தேசத்தின் அனுபவத்தை உலகத்தின் அனுபவமாகக் கொண்டான். ஹியூமும் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்து, பனிக்கட்டி அவனுடைய அனுபவத்துக்கு முரணன்று, அவன் அறியாத தட்பநிலையைச் சேர்ந்தது என்று விளக்கம் தருகிறார். நல்லது, கிறிஸ்தவன் சொல்வதும் அதுவே அல்லவா? கடவுள் என ஒருவர் இருந்து, அரிதாகச் செயற்படுகிறவராகவும் இருந்தால், அவர் அவ்வாறு செயற்படாத நாட்களைக் குறித்த நம் அனுபவம், பனி பெய்யாத நாட்டானுடைய அனுபவத்தை ஒத்ததே. அவ்வனுபவத்தைக் கொண்டு அவர் ஒருநாளும் செயற்படார் என்று முடிவு கட்டுவது, நிறுவ வேண்டியதை முன்கூட்டியே கைக்கொள்வதாகும். மேலும், நேற்று நடந்தவாறே நாளையும் நடக்கும் என்பதற்கு அறிவு தரும் நிரூபணம் எதுவுமில்லை, பழக்கமே நம்மை அவ்வாறு நம்பச் செய்கிறது என்று அதே நூலின் முற்பகுதியில் கற்பித்தவரும் ஹியூமே. அங்கே வெறும் பழக்கமாக இருந்தது பத்தாம் பகுதியில் முழு நிரூபணமாக உயர்ந்துவிடுவதை அவருடைய அன்பர்களும் எளிதில் விளக்கிவிட முடிவதில்லை.

அற்புதக் கதைகள் அறியாமை மிக்க காட்டுமிராண்டி ஜனங்களிடையேதான் மலிந்து கிடக்கின்றன என்று அவர் துணைவாதமாகச் சொல்வதைப் பற்றி நான் விரித்தெழுதப் போவதில்லை. ஒரு சாட்சியின் தோலையும் தேசத்தையும் பார்த்து அவன் சொல்லை மதிப்பிடும் முறை தத்துவமாகாது.

ஹியூமுக்கு வந்த மறுமொழிகளுள் சிந்தனைக்கு அதிக விருந்தளிப்பது ரிச்சர்டு பிரைஸ் என்னும் வேல்ஸ் நாட்டுப் போதகர் 1767இல் எழுதியது. இவருடைய நண்பரும் போதகருமான தாமஸ் பேய்ஸ் விட்டுச் சென்ற, நிகழ்தகவைப் பற்றிய கட்டுரையை, அவர் மறைவுக்குப் பின் 1763இல் உலகறியச் செய்தவரும் இவரே; இன்று கணித உலகம் முழுவதிலும் பேய்ஸின் பெயரால் வழங்கும் தேற்றத்தின் மூலம் அக்கட்டுரைதான். இந்தக் கணிதத்தைத் துணைக்கொண்டு பிரைஸ் இரண்டு செய்திகளைக் காட்டினார். ஒரு நிகழ்ச்சி பத்து லட்சம் முறை ஒரே விதமாக நடந்திருந்தாலும், அடுத்த முறை வேறு விதமாக நடவாது என்பதற்கு அது உறுதியான நிரூபணமாகாது, மிகப் பெரிய வாய்ப்பு மட்டுமே ஆகும் என்பது ஒன்று. லாட்டரிச் சீட்டில் இன்ன எண்ணுக்குப் பரிசு விழுந்தது என்று பத்திரிகை அறிவித்தால், அந்த எண்ணுக்கு விழும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றே ஆயினும், அடிக்கடி தவறு செய்யும் பத்திரிகையாயினும், தயங்காமல் நம்புகிறோம். ஆகவே நிகழ்ச்சியின் அருமையைச் சாட்சியத்தின் பிழைவாய்ப்போடு நேருக்கு நேர் நிறுத்துப் பார்க்கும் ஹியூமின் முறையே சரியன்று என்பது மற்றொன்று. பிரைஸின் நூல் கண்ட ஹியூம் அவருக்கு எழுதிய கடிதத்தில், அவர் காட்டிய நோக்கு புதியது, நுட்பமானது, ஒருவேளை உறுதியானதாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, தமக்குத் திருப்தியாகும் வகையில் தீர்ப்புச் சொல்ல மேலும் அவகாசம் வேண்டும் என்றார். எதிரியின் வாதத்தை இவ்வளவு கண்ணியமாக எதிர்கொண்ட அந்த உள்ளத்தை நான் மனமார வணங்குகிறேன்.

ஆனாலும், பிரைஸ் வென்றார் என்று கிறிஸ்தவர்கள் கைகொட்டி விடலாகாது. லாட்டரியில் ஏதேனும் ஓர் எண்ணுக்குப் பரிசு விழுந்தே தீரும். மாண்டவருள் ஒருவர் எழுந்தே தீர வேண்டும் என்னும் நியதி எதுவுமில்லை. பேய்ஸின் தேற்றமும் சாட்சியத்தின் வலிமையை மட்டும் கேட்பதில்லை; சாட்சியம் வருமுன் அந்நிகழ்ச்சிக்கு நீ கொடுத்திருந்த வாய்ப்பு எவ்வளவு என்பதையும் கேட்கிறது. உலகத்தில் அணுக்களின் ஓட்டமன்றி வேறொன்றுமில்லை என்று கொண்டவன் அதற்குச் சூனியத்தையே கொடுப்பான். சூனியத்தை எத்தனை சாட்சிகளால் பெருக்கினாலும் சூனியமே மிஞ்சும். கடவுள் இருத்தல் கூடும் என்று கொண்டவன் சிறிதேனும் கொடுப்பான். அவனிடத்தில் சாட்சியம் பேசத் தொடங்கும். ஆகவே முதலில் நாம் ஒதுக்கிவைத்த கடவுள் வாதம் இங்கே தன் உரிய இடத்துக்குத் திரும்பி வருகிறது. முடிவாக வருவதில்லை, சாட்சியைக் கேட்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும் தொடக்கமாக வருகிறது. ஒரே சுவிசேஷத்தைப் படிக்கும் இரு நேர்மையாளர் இரு முடிவுக்கு வருவதற்குக் காரணம் ஒருவர் மூடர் என்பதன்று, இதுவே.

நம் நாட்டுத் தர்க்க நூல்கள் காட்சி, அனுமானம் என்பவற்றோடு நம்பத்தக்கவர் சொல்லாகிய ஆப்தவாக்கியத்தையும் தனிப் பிரமாணமாகக் கொள்வதுண்டு. வைசேஷிகரும் பௌத்தரும் அதனை அனுமானத்துள் அடக்கினர். ஹியூமும் அவர்கள் பக்கமே நிற்கிறார். நையாயிகர் அதற்கு உடன்படவில்லை. தாய் யார், தான் பிறந்த நாள் எது என்பதைக்கூட மனிதன் பிறர் வாக்கினாலேயே அறிகிறானாதலால், என் உள்ளம் நையாயிகரையே சார்கிறது. ஆயினும் எவர் சொல்லும் ஆப்தவாக்கியமாகிவிடாது. பொருளை உள்ளவாறு அறிந்தவனும், அறிந்தவாறே சொல்பவனும் ஆகிய ஒருவனே ஆப்தன். 1877இல் வில்லியம் கிளிப்போர்டு என்ற ஆங்கிலக் கணித மேதை, நம்பிக்கையின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதே இரண்டு நிபந்தனைகளைத் தம் வழியிலே கேட்கிறார்: சாட்சி நேர்மையானவனா என்று மட்டும் பார்த்தால் போதாது, அவன் சொல்வதை அறியும் வழி அவனுக்கு இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். அப்போஸ்தலர்கள் பாடுபட்டார்கள், சிலர் உயிரையும் கொடுத்தார்கள் என்பது அவர்களுடைய நேர்மைக்குச் சான்று. தான் பொய்யென்று அறிந்ததற்காக ஒருவன் சாக முன்வருவது அரிது. ஆனால் அவர்கள் ஏமாறவில்லை என்பதற்கு அது சான்றாகாது. பிரசங்க மேடைகளில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன. அவ்வாறு குழைப்பது விசுவாசத்துக்குச் செய்யும் உபகாரமன்று.

பிற சமயத்தாருடைய அற்புதங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன என்ற ஹியூமின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1727இல் மறைந்த பாரிஸ் என்ற துறவியின் கல்லறையில், பாரிஸ் நகரத்திலேயே, நோயாளிகள் குணமடைந்ததாகப் பல சாட்சிகள் உறுதி கூறினர். பிரெஞ்சுத் தத்துவஞானி பாஸ்கலின் சகோதரி மகள் 1656இல் அற்புதமாகக் கண்நோய் நீங்கினாள் என்பதையும் அக்காலத்துக் கற்றோர் பலர் ஏற்றனர். இவற்றை நோக்காமலே தள்ளிவிட்டு, பாலஸ்தீனத்துச் சாட்சிகளை மட்டும் ஏற்பது எந்த நியாயத்தால் என்று ஹியூம் கேட்டது புராட்டஸ்டண்டு உலகத்தின் மனச்சாட்சியை நோக்கியே. பல சமயங்கள் ஒரே தெருவில் வாழும் நம் தேசத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. தன் சாட்சியை அளக்கும் அதே கோலால் அயலான் சாட்சியையும் அளக்க ஒப்பாத கிறிஸ்தவனுக்கு, தன் விசுவாசம் அறிவுக்கு ஏற்றது என்று சொல்லும் உரிமை இல்லை.

நான் விசுவாசிக்கிறவன். சாட்சியம் என்னை அதன் எல்லை வரை அழைத்துச் சென்றது. அப்பால் நான் எடுத்த அடி அறிவுக்கு மாறானதன்று, ஆனால் அறிவினால் வற்புறுத்தப்பட்டதுமன்று. ஆதாரம் போதாதபோது நம்புவது எவர்க்கும் எக்காலத்தும் தவறு என்ற கிளிப்போர்டின் கடுமையை, 1896இல் அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ் மறுத்து, தள்ளிப்போடுதலே ஒரு தீர்மானமாகிவிடும் விஷயங்களில் உள்ளத்தின் தேர்வுக்கும் இடமுண்டு என்றார். அவர் சொன்னது உண்மை; எனினும் ஆராய்ச்சி முடிந்த இடத்திலேதான் அந்த இடம் தொடங்குகிறது, ஆராய்ச்சிக்குப் பதிலாக அன்று. தன் பழங்கப்பலைக் குறித்து எழுந்த சந்தேகத்தைத் தானே அடக்கிக்கொண்டு, நம்பிக்கையோடு அதனைக் கடலில் செலுத்திய கப்பல் முதலாளியைக் கிளிப்போர்டு குற்றவாளி என்றார். சந்தேகத்தை அடக்கியே விசுவாசத்தைக் காக்கும் பக்தரும் அத்தீர்ப்புக்கு உட்பட்டவரே என்பது என் துணிபு.

அறிவு வற்புறுத்தாத இடத்தில் அரசன் வற்புறுத்தியதுதான் கிறிஸ்தவ உலகத்தின் பெரும்பிழை. இயேசுவின் அற்புதங்களை உருவகங்களாகக் கொள்ள வேண்டுமேயன்றி நடந்தவையாகக் கொள்ளலாகாது என்று எழுதிய தாமஸ் வூல்ஸ்டனை 1729இல் லண்டன் நீதிமன்றம் தண்டித்து, அபராதமும் சிறையும் விதித்தது. உயிர்த்தெழுதலின் சாட்சிகளை ஒரு நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிப்பதுபோல் தாமஸ் ஷெர்லாக் என்னும் பிஷப் அவருக்கு மறுப்பு நூல் எழுதியதும் அதே ஆண்டில்தான். சாட்சிகளுக்காக வாதாட நூலொன்று எழுந்த நாட்டிலேயே, அவர்களை மறுத்தவனுக்குச் சிறைக்கதவும் சாத்தப்பட்டது. நூல் போதுமானதாயிருந்தால் சிறை எதற்கு? யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில், மயிலையிலும் பரங்கிமலையிலும் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் தமக்கே உரியவராகப் போற்றிவரும் தோமா, தம் தோழர் பதின்மரின் சாட்சியத்தைக் கேட்டும், காயங்களைக் கண்டு தொட்டாலன்றி நம்பேன் என்கிறார். எட்டு நாள் கழித்து மறுபடியும் சீஷர்கள் வீட்டுக்குள்ளே கூடியிருந்தபோது தோமாவும் அவர்களோடு இருந்தார் என்று எழுதியிருக்கிறது; இடைப்பட்ட நாட்களில் அவரை எவரும் வெளியே தள்ளினதாக எழுதியிருக்கவில்லை.